வயலைப் பங்கு பிரித்தல்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரும்போக வெட்டு முடிந்து, நெல் விலைப்பட்டு, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையும் லீவில் வந்து நிற்கிற மாசி, பங்குனியில்தான் எங்கள் பக்கத்து வீடுகளில் பங்குப் பேச்சு எழும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருந்தபடியால் இப்படியான பேச்சுகளுக்கு என்னையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். நான் சட்டத்தரணி அல்லன். நொத்தாரிசிடம் போகுமுன் வீட்டுக்குள் பேசித் தெளியவேண்டியவற்றையே எழுதுகிறேன். உறுதி எழுதும் வேலையை அதற்குரியவரிடம் விடுங்கள்.

பங்குப் பேச்சை எங்கிருந்து தொடங்குவது?

அப்பாவின் பெட்டியைத் திறந்து கடுதாசிகளை வெளியே எடுப்பதிலிருந்து. "எங்கட வயல்" என்று ஊரே சொல்லும் வயலின் உறுதி அம்மம்மாவின் பெயரில் கிடப்பது இங்கே சர்வ சாதாரணம். வயல் சீதனமாகப் பெண் வழியில் இறங்கிவந்த பிரதேசம் இது. அம்மம்மா பெயரில் உறுதி இருந்து, அவர் யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் இறந்திருந்தால், பங்காளிகள் சகோதரர் நீங்கள் நாலு பேர் மட்டும் இல்லை. மாமாமாரும் பெரியம்மா, சின்னம்மாமாரும், அவர்களில் இறந்தவர்களின் பிள்ளைகளும் கணக்கில் வருவார்கள். அவர்களை விட்டுவிட்டு நாலு பேரும் கையெழுத்து வைத்து எழுதும் உறுதி பிறகு வழக்குக்குத்தான் வழி.

அடுத்து, கையில் இருப்பது உறுதியா, பெர்மிற்றா (அரச காணிக்குக் கொடுத்த உத்தரவுப் பத்திரமா) என்று பாருங்கள். இரண்டுக்கும் சட்டம் வேறு வேறு. பெர்மிற் காணியைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பழைய உறுதிகளில் ஏக்கர் இராது. இத்தனை அவணம், இத்தனை மரைக்கால் விதைப்பு என்றிருக்கும். அது விதைக்கும் நெல்லின் கணக்கு, நிலத்தின் நீள அகலம் இல்லை. வட்டைக்கு வட்டை, அதாவது வயல்வெளிக்கு வயல்வெளி, வித்தியாசப்படும். சேவையரைப் பிடித்து அளந்து பிளான் எடுக்காமல் பங்கு பேசவே கூடாது. உறுதி சூறாவளியிலோ சண்டைக்காலத்திலோ சுனாமியிலோ போய்விட்டதென்றால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரியாவிட்டாலும், பக்கத்து வயல்காரரின் உறுதியில் எல்லையாக உங்கள் காணி எழுதப்பட்டிருக்கும். அதிலிருந்து நூல் பிடித்துக்கொண்டு போகலாம்.

எங்களுக்கும் தேசவழமைதானே?

இல்லை. இந்தப் பிழையான எண்ணத்தால் எத்தனையோ தங்கச்சிமார் தங்கள் பங்கைக் கேட்காமலே இருந்துவிட்டார்கள். தேசவழமை என்பது வடமாகாணத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டம். மட்டக்களப்பில் முன்னொரு காலத்தில் முக்குவர் சட்டம் இருந்தது. அதன்படி முதுசொம் (பரம்பரைச் சொத்து) சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்ததோடு அது போய்விட்டது. இன்று கிழக்கிலுள்ள தமிழருக்கு அந்த 1876 சட்டம்தான்.

அதில் மகன், மகள் வித்தியாசம் கிடையாது. மூத்தவர், இளையவர் வித்தியாசமும் கிடையாது. புருசனின் சொத்து வேறு, பெண்சாதியின் சொத்து வேறு. தன் பெயரில் உள்ள வயலை விற்க ஒரு பெண்ணுக்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பது தேசவழமையில் உள்ளது. இங்கே அது தேவையில்லை.

அப்பா எழுதாமல் இறந்துவிட்டார், அம்மா இருக்கிறா. எப்படிப் பிரியும்?

பாதி அம்மாவுக்கு. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. அப்பாவின் பெயரில் 6 ஏக்கர், பிள்ளைகள் 4 பேர் என்றால் அம்மாவுக்கு 3 ஏக்கர், பிள்ளைகளுக்கு ஆளுக்கு முக்கால் ஏக்கர். அம்மாவும் எழுதாமல் கண்மூடினால் அவவின் 3 ஏக்கரும் அதேபோல நாலாகப் பிரிந்து ஆளுக்கு ஒன்றரை ஏக்கராகும். வயல் அம்மாவின் பெயரில் இருந்து, அம்மா முதலில் இறந்தால் பாதி அப்பாவுக்கு.

இதில் பலரும் யோசிக்காத ஒரு மூலை உண்டு. அம்மா இறந்தபின் அப்பா மறுமணம் செய்கிறார் என்று வையுங்கள். அம்மாவின் வயலில் பாதி ஏற்கெனவே அப்பாவுடையது. அவர் எழுதாமல் இறந்தால் அந்தப் பாதியில் பாதி, அதாவது முழு வயலின் கால் பங்கு, அப்பாவின் இரண்டாம் தாரமான சின்னம்மாவுக்குப் போகும். மிச்சத்தில் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளும் உங்களோடு சமமாக நிற்பார்கள். இதைச் சொல்லிக் கோபப்பட்டுப் பிரயோசனமில்லை. அம்மா இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டியது.

சகோதரன் ஒருவர் இறந்துவிட்டால் எப்போது இறந்தார் என்று பாருங்கள். அப்பாவுக்கு முன் இறந்திருந்தால் அவரின் பிள்ளைகள் அவர் இடத்தில் நின்று அவர் பங்கை எடுப்பார்கள். மச்சாளுக்கு ஒன்றும் வராது. அப்பாவுக்குப் பின் இறந்திருந்தால் அவருடைய பங்கில் பாதி மச்சாளுக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் வயதுக்கு வராதவர்கள் என்றால் அவர்களின் பங்கைத் தாய் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட முடியாது. மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

மூத்த அக்காவுக்கு வீடும் வயலும் சீதனமாகக் கொடுத்தாச்சு. இனியும் அவவுக்குப் பங்கா?

பங்குப் பேச்சு முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தம்பிமார் சொல்வார்கள்: "அக்கா எடுத்திற்றா தானே, இனியென்ன?" அக்கா சொல்லுவா: "அது சீதனம் கா, இது முதுசொம். ரெண்டையும் ஏன் கலக்குறீங்க?"

இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. சீதனம் வாங்கிய மகளுக்கு உரிமை அற்றுப்போகும் என்று 1876 சட்டத்தில் இல்லை. அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. திருமணத்தின்போதோ, வாழ்க்கையில் நிலைநிறுத்துவதற்கென்றோ பெற்றோரிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பெற்ற பிள்ளை, பங்குக்கு வரும்போது அதையும் பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டும். பெற்றோர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ அதை விலக்கியிருந்தால் சேர்க்கத் தேவையில்லை. அக்காவின் சீதன உறுதியை எடுத்து, அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை வாசியுங்கள்.

மேலே சொன்ன 6 ஏக்கரையே எடுப்போம். அப்பா உயிரோடு இருந்தபோது அக்காவுக்கு இதே தரத்தில் 2 ஏக்கர் சீதனம் எழுதினார். இப்போது அம்மாவும் இல்லை. அக்கா எடுத்த 2 ஏக்கரையும் சேர்த்தால் மொத்தம் 8. ஆளுக்கு 2. அக்கா தன் இரண்டை ஏற்கெனவே எடுத்துவிட்டா. மிச்ச 6 ஏக்கரும் மற்ற மூவருக்கு. அக்கா எடுத்தது ஒரு ஏக்கர்தான் என்றால் மொத்தம் 7, ஆளுக்கு ஒன்றே முக்கால். அக்காவுக்கு இன்னும் முக்கால் ஏக்கர் வரவேண்டும். உண்மையில் பார்க்கவேண்டியது ஏக்கரை இல்லை, பெறுமதியை. வீடும் நகையும் வயலும் கலந்திருந்தால் இன்னும் சிக்கல். ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான்.

இந்த இடத்தில் நான் எப்போதும் தம்பிமாரிடம் ஒன்று கேட்பேன். கட்டாருக்கோ லண்டனுக்கோ போக ஏஜென்சிக்குக் கட்டின காசு எங்கிருந்து வந்தது? அதற்காக ஒரு ஏக்கர் விற்றிருந்தால் அதுவும் வாழ்க்கையில் நிலைநிறுத்தக் கொடுத்ததுதானே. அக்காவின் சீதனத்தை எழுதும் கொப்பியில் அதையும் எழுதவேண்டும். பெண் எடுத்தது எல்லார் கண்ணிலும் நிற்கிறது, ஆண் எடுத்தது செலவாகிப்போன காசாக மறக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபின் பல வீடுகளில் சத்தம் குறைந்திருக்கிறது. படிப்புச் செலவை நான் கணக்கில் சேர்க்கச் சொல்வதில்லை. அதற்கு முடிவே வராது.

தாய்வீடு? பெரும்பாலும் கடைசி மகள் அதில்தான் இருப்பா, அம்மா அப்பாவைக் கடைசிவரை பார்த்ததும் அவதான். எழுதியிருந்தால் கதை முடிந்தது. எழுதாவிட்டால் சட்டப்படி அந்த வளவும் எல்லாருக்கும் உரியது. மற்றவர்கள் அதைக் கேட்காமல் விட்டுக்கொடுப்பது இங்கத்தைய வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் வாயால் விட்டுக்கொடுத்தால் போதாது. காணி சம்பந்தப்பட்ட எதுவும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் செல்லாது. இது 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். அண்ணன் மனதார விட்டது அண்ணன் உயிரோடு இருக்கும்வரைதான். அவரின் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு தெரியாது.

ஊரில் நின்று வயலைப் பார்த்த தம்பிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா?

சட்டத்தில் உழைப்புக்கென்று கூடுதல் பங்கு இல்லை. ஆனால் அவன் கட்டின கிணறு, வாடி, திருத்திச் சமப்படுத்தின பூமி போன்றவற்றுக்கு ஈடு கேட்கலாம். பிரிவிடல் வழக்கு (கூட்டுக் காணியைப் பிரித்துத் தரக் கேட்கும் வழக்கு) என்று போனாலும் இவை தனியாகக் குறிக்கப்படும்.

வீட்டுக்குள் பேசும்போது நான் சொல்வது இது: அந்த வட்டையில் நடக்கும் குத்தகையை அளவுகோலாக வையுங்கள். மற்றவர்களின் பங்குக்கு இத்தனை வருசமும் எத்தனை மூடை குத்தகை வந்திருக்கும்? அதில் அவன் அம்மாவின் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்ததைக் கழியுங்கள். வெள்ளம் கொண்டுபோன போகங்களையும் யானை மிதித்த போகங்களையும் கழியுங்கள். மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் வராது. வந்தாலும் இரண்டு பக்கமும் பழையதை விட்டுவிடுவதே நல்லது. கூடுதல் கொடுக்க மனமிருந்தால் ஏக்கரில் கொடுக்காமல் முதலில் துண்டு தெரிவு செய்யும் உரிமையைக் கொடுங்கள். ஒவ்வொரு வரம்பையும் அறிந்தவனுக்கு அதன் பெறுமதி தெரியும். மற்றவர்களுக்கும் ஒரு பேர்ச்சும் குறையாது.

சமமாக ஏக்கர் பிரித்தால் நியாயம்தானே?

பிளானில் நியாயமாகத்தான் தெரியும். வயலில் ஒரு சிறுபோகம் (கோடைப் போகம்) போனதும் தெரிந்துவிடும்.

எங்கள் மாவட்டங்களில் வயலின் பெறுமதி தண்ணீரில்தான். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி போன்ற குளங்களின் கீழும், கல்லோயாத் தண்ணீர் பாயும் அம்பாறைப் பக்கத்திலும் இரண்டு போகம் செய்யலாம். அதற்கு வெளியே பெரும்பகுதி மானாவாரி, மாரியில் ஒரு போகம்தான். இரு போக வயல் ஒரு ஏக்கரும் மானாவாரி ஒரு ஏக்கரும் எப்படிச் சமமாகும்? குளத்தின் கீழேயே வாய்க்கால் தலைப்பில் உள்ளவனுக்கும் கடைமடையில் உள்ளவனுக்கும் வித்தியாசம் உண்டு. தண்ணீர் குறைந்த வருசத்தில், போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர்தான் சிறுபோகம் என்று வெட்டிவிடுவார்கள். முதலில் அடிபடுவது கடைமடை.

நான் கண்ட ஒரு பங்கு இப்படி: ஆறு ஏக்கர், அண்ணன் தம்பி இரண்டு பேர். வாய்க்காலோடு ஒட்டின மேல் மூன்று அண்ணனுக்கு, கீழ் மூன்று தம்பிக்கு. குறுக்கே ஒரு வரம்பு போட்டார்கள். சேவையர் கல் நட்டார், எல்லாரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். தகப்பன் காலத்தில் மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு வக்கடை வெட்டித் தண்ணீர் இறங்கியது. இப்போது அந்த வக்கடை அண்ணனின் காணிக்குள். அண்ணன் பசளை எறிந்துவிட்டு வக்கடையைக் கட்டினால் தம்பியின் பயிர் காயும். தம்பி இரவில் போய் வெட்டினால் அண்ணனின் பசளை எல்லாம் கீழே போகும். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டை விதானையிடம் முறைப்பாடு, பிறகு பொலிசு. இரண்டு சிறுபோகம் கீழ் மூன்று ஏக்கரும் மாடு மேயக் கிடந்தது. கடைசியில் குறுக்கு வரம்பை அழித்து நீளப்பாட்டுக்குப் பிரித்தார்கள். இருவருக்கும் வாய்க்காலில் ஆளுக்கொரு வாய், இருவருக்கும் கீழே ஒரு பள்ளத் துண்டு.

ஆகவே முதலில் தண்ணீரையும் வழியையும் பிரியுங்கள், பிறகு நிலத்தை. ஒவ்வொரு துண்டும் வாய்க்காலைத் தொடவேண்டும். முடியாவிட்டால் யாருடைய காணிக்குள்ளால் தண்ணீர் போகும், வடிச்சல் எங்கே இறங்கும், உழவு மெசினும் வெட்டு மெசினும் எந்த வழியால் வரும் என்பதை பிளானில் கோடு போட்டு, உறுதியில் வசனமாக எழுதுங்கள். "வழமைபோல" என்ற சொல்லை உறுதியில் நம்பாதீர்கள்.

நீளப்பாட்டுப் பிரிப்புக்கும் ஒரு எல்லை உண்டு. 150 மீற்றர் நீளமான 6 ஏக்கர்த் துண்டை நாலாக வெட்டினால் ஆளுக்கு 40 மீற்றர் அகலம் வரும். வெட்டு மெசின் வசதியாகத் திரும்பும். அதையே எட்டுப் பேருக்கு வெட்டினால் 20 மீற்றர்ப் பட்டிகள்தான். புது வரம்புகளே நிலத்தைத் தின்னும். அந்த நிலையில் வெட்டாமல் ஒருவர் எடுத்து மற்றவர்களுக்குக் காசு கொடுப்பது மேல்.

இன்னும் சில பாருங்கள். வாவியோரத் துண்டில் உவர் ஏறும். காட்டோரத் துண்டில் யானைக் காவலுக்குப் போகம் முழுக்க ஆள் வேண்டும். மாரி வெள்ளம் நின்று வடியும் பள்ளத்தில் கார்த்திகை, மார்கழியில் பயிர் அழுகும். இப்படிப்பட்ட துண்டு விழுபவருக்கு அளவில் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதுதான் நியாயம். எவ்வளவு கூட்டுவது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. துண்டுகளைப் பிரிப்பவர் ஒருவர், தெரிவு செய்வது மற்றவர்கள், பிரித்தவர் கடைசியாக எடுப்பார் என்று வையுங்கள். அவர் தானாகவே சரியாகக் கூட்டுவார்.

வெட்டாமல் சேர்ந்தே வைத்திருக்கலாமா?

ஒற்றுமை இருந்தால் தாராளமாக. ஆளுக்கொரு வருசம் முறை வைத்துச் செய்வதைத் தட்டுமாறு என்பார்கள், கமநலச் சட்டத்திலும் அந்தச் சொல் உண்டு. ஆனால் முறை மாறும் வயலில் யாரும் பூமியைக் கவனிக்க மாட்டார்கள். அடுத்த வருசம் தம்பிக்குப் போகும் வயலுக்கு அண்ணன் ஏன் சாணி போடப்போகிறான்? ஒருவர் செய்து மற்றவர்களுக்குக் குத்தகை கொடுப்பது இதைவிட நீடிக்கும்.

பெர்மிற் காணியை எப்படிப் பிரிப்பது?

அரச காணி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியதிலிருந்து அதன் கீழும், எங்கள் பக்கத்துக் குடியேற்றக் கிராமங்களிலும் கொடுத்த காணிகளில் பெரும்பாலானவை இந்த வகை. உத்தரவுப் பத்திரமோ அளிப்புப் பத்திரமோ இருந்தால் மேலே சொன்ன பாதி, கால் கணக்கு எதுவும் செல்லாது. மரணசாசனமும் செல்லாது.

முதலில் உயிரோடுள்ள கணவன் அல்லது மனைவி அனுபவிப்பார். அதன்பின் பெயர் குறித்த பின்னுரித்தாளருக்கு. பெயர் குறிக்காவிட்டால் சட்டத்தின் அட்டவணையில் உள்ள உறவு வரிசைப்படி. ஆணுக்கு முன்னுரிமை கொடுத்திருந்த அந்த வரிசையை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மாற்றியது. "பெர்மிற் காணி ஆம்பிளப் பிள்ளைக்குத்தான்" என்று இனி யாரும் சொன்னால் நம்பவேண்டாம். பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பெடுக்காவிட்டால் உரிமை தவறும் என்பதையும் கவனியுங்கள். வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் பெயரைப் பாசத்தில் குறிக்கிற அம்மாமாருக்கு இதைச் சொல்லவேண்டும்.

துண்டாக்குவதற்கும் கட்டுப்பாடு உண்டு. எந்த அளவுக்குக் கீழே பிரிக்கக் கூடாது என்பது அளிப்புப் பத்திரத்திலேயே இருக்கும். பிரதேச செயலகத்தின் சம்மதமில்லாமல் கைமாற்றவும் முடியாது. வாயால் நாலாகப் பிரித்துச் செய்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. பெயர் உள்ளவர் இறந்ததும் மற்ற மூவருக்கும் நிற்க இடமில்லை. உறுதிக் காணியும் பெர்மிற் காணியும் இரண்டும் உள்ள வீடென்றால் என் யோசனை இது: வயல் செய்கிற பிள்ளைக்குப் பெர்மிற், அதன் பெறுமதிக்கு ஈடாக மற்றவர்களுக்கு உறுதிக் காணியில் கூடுதல்.

தம்பி பத்து வருசத்துக்கு மேல் தனியாகச் செய்கிறான். வயல் அவனுக்கே போய்விட்டதா?

1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தில் பத்து வருசம் என்றிருப்பது உண்மை. ஆனால் கூட்டுப் பங்காளிகளுக்கிடையில் அது அவ்வளவு இலேசில் பொருந்தாது. ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சி. "இனி இது என்னுடையது, உங்களுக்குப் பங்கில்லை" என்று மற்றவர்களுக்குத் தெரியும்படி மறுத்த நாளிலிருந்துதான் பத்து வருசம் எண்ணத் தொடங்கும். மனதுக்குள் நினைத்தது கணக்கில் வராது என்று 1911இலேயே பிரிவிக் கவுன்சில் (அந்தக் காலத்தின் மிக உயர்ந்த மேன்முறையீட்டு மன்றம்) தீர்ப்புச் சொல்லிவிட்டது. இருந்தாலும் நீண்ட காலம் வாய்திறக்காமல் இருந்தால், மறுப்பு நடந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்க இடமுண்டு என 1918இல் இன்னொரு தீர்ப்பு இருக்கிறது. வருசத்துக்கு ஒரு மூடை நெல்லாவது வாங்குங்கள், வாங்கினதற்குத் துண்டு எழுதுங்கள். பங்கு இருப்பதற்கு அது சாட்சி.

கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் தம்பியின் பெயர் இருப்பதும், பசளை மானியம் அவன் பெயரில் வருவதும், ஏக்கர் வரி அவன் கட்டுவதும் அவனைச் சொந்தக்காரனாக்காது. அது செய்கைக்காரரின் பதிவு.

அண்ணன் தன் பங்கை வெளியாருக்கு விற்கப் போகிறார். தடுக்க முடியுமா?

முடியாது. பங்காளிக்கே முதலில் விற்கவேண்டும் என்பது தேசவழமையில் உள்ள விதி, இங்கே இல்லை. பிரிக்கப்படாத கால் பங்கை யாருக்கும் விற்கலாம். வாங்குபவர் அடுத்த மாதமே பிரிவிடல் வழக்குப் போடலாம். ஆகவே காசு திரட்டி நீங்களே வாங்குங்கள். இல்லாவிட்டால் அவர் விற்குமுன் பாகப்பிரிவினை உறுதி எழுதி அவரின் துண்டை வேறாக்குங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த அக்காவுக்குப் பங்கு உண்டா?

உண்டு. வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் நெருங்கிய உறவினருக்கு மரபுரிமையாக வருவதைத் தடுக்கவில்லை. வரமுடியாவிட்டால் இலங்கைத் தூதரகம் ஊடாக அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பலாம். எந்தக் காணி, என்ன செய்ய அதிகாரம் என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். "எல்லாம் செய்யலாம்" என்ற தத்துவம் கையில் இருந்ததால் அக்காவின் பங்கை மச்சான் விற்ற கதைகள் ஊரில் உண்டு.

காணாமற்போன சகோதரனின் பங்கை என்ன செய்வது?

எங்கள் ஊர்களில் இந்தக் கேள்வி இல்லாத வட்டை இல்லை. அவரின் பங்கு அப்படியே இருக்கிறது, மற்றவர்கள் பிரித்து எடுக்க முடியாது. மரணங்களைப் பதிவதற்கான 2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ் எடுக்கலாம். மரணம் என்று எழுத மனமில்லாத தாய்மாருக்காக, காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். எதை எடுப்பது என்பது குடும்பத்தின் முடிவு. பங்குப் பேச்சுக்காக ஒரு தாயை மரணச் சான்றிதழ் எடு என்று நெருக்குவதை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. அவரின் துண்டை பிளானில் தனியாகக் குறித்து, அம்மாவோ மச்சாளோ அனுபவிக்க விட்டு மற்றதைப் பேசலாம்.

அம்மா அப்பா உயிரோடு இருக்கும்போதே எழுதுவது நல்லதா?

நல்லது, ஆனால் எப்படி எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். நன்கொடை உறுதி எழுதினால் சீவிய உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுங்கள். சாகும்வரை விளைச்சல் உங்களுக்கு. வாங்குகிற பிள்ளை உறுதியில் ஏற்றுக் கையெழுத்து வைக்கவேண்டும். மீளப்பெற முடியாத நன்கொடை என்று எழுதிவிட்டால், பிறகு பிள்ளை நன்றிகெட்டு நடந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்துத்தான் திரும்ப எடுக்கலாம். இதற்கென்று 2017இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அப்படி வழக்கு நடத்துகிற வயதா அது?

மரணசாசனம் என்றால் எப்போதும் மாற்றலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் வேண்டும். எந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டு எழுதும் சுதந்திரமும் சட்டத்தில் உண்டு. அப்படி எழுதுவதென்றால் காரணத்தை உயிரோடு இருக்கும்போதே எல்லாப் பிள்ளைகளையும் வைத்துச் சொல்லிவிடுங்கள்.

முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதுதானா?

இல்லை. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி, எழுதாமல் இறந்தவரின் சொத்து இஸ்லாமிய முறைப்படி பிரியும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, கணவனுக்கு நாலில் ஒன்று, மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு. அதே நேரம் காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுக்கும் வழக்கம் தமிழரிடம் உள்ளதுபோலவே உண்டு. தண்ணீர், வழி பற்றி மேலே சொன்னது எல்லாருக்கும் பொருந்தும்.

பேச்சு முறிந்துவிட்டது. இனி?

வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போய்ப் பாருங்கள். அங்கும் சரிவராவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. எவ்வளவு சிறிய பங்காளியும் போடலாம். நீதிமன்றம் சேவையரை அனுப்பும், எல்லாரின் பங்கையும் விசாரிக்கும். இறுதித் தீர்ப்பு முழு உலகத்தையும் கட்டுப்படுத்தும். அதனால்தான் இழுபடும். பிரிக்க முடியாத காணி என்றால் முதலில் பங்காளிகளுக்கிடையிலும் பிறகு பகிரங்கமாகவும் ஏலம் போகும். வழக்கு நடக்கும் வருசங்களில் யாரும் வயலுக்குச் செலவழிக்க மாட்டார்கள், வாய்க்கால் தூர்ந்துவிடும்.

என் துண்டை மண்போட்டு நிரப்பி வீடு கட்டலாமா?

கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதியில்லாமல் நெற்காணியை நிரப்பக் கூடாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். றோட்டோரத் துண்டை "நாளைக்கு வளவாகும்" என்று கூடுதல் விலை போட்டுப் பங்கு பேசுபவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

பிரித்த பிறகு எங்கெங்கே போகவேண்டும்?

பாகப்பிரிவினை உறுதியும் பிளானும் எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தோடு முடிந்ததும் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பிறகு கமநல சேவை நிலையத்தில் புதிய துண்டுகளாகப் பதிவேட்டை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த போகத்துப் பசளை மானியம் பழைய பெயரிலேயே வரும். வட்டை விதானைக்கும் சொல்லுங்கள், முறைத் தண்ணீர்க் கணக்கில் புதுப் பெயர்கள் ஏறவேண்டும். குத்தகைக்காரர் யாராவது உள்ளே இருந்தால் அந்தப் போகத்தை அவர் வெட்டி எடுக்கும்வரை பொறுங்கள். புரட்டாதியில் விதைப்புக்கு முன் வரம்பு போட்டு முடிக்கிற மாதிரி நாளைப் பாருங்கள். மழை விழுந்தபின் போட்ட புது வரம்பு மார்கழி வெள்ளத்தில் நிற்காது.